ஃபெர்மா தவறவிட்ட 641: ஆய்லர் பிடித்தது எப்படி?

4294967297. இது பகா எண்ணா? பள்ளியில் படித்த விதிகளைப் போட்டுப் பாருங்க. கடைசி இலக்கம் 7, அதனால் 2, 5 இரண்டாலும் வகுபடாது. இலக்கங்களின் கூட்டுத்தொகை 59, ஆக 3-ம் இல்லை. ஒன்றுவிட்ட இலக்கங்களைக் கூட்டிக் கழித்தால் 17 வருகிறது, 11-ம் அவுட்.

17-ம் நூற்றாண்டின் பிரெஞ்சு மேதை ஃபெர்மாவே இதைப் பகா எண் என்றுதான் நம்பினார். 2-ஐ 1, 2, 4, 8, 16 என்ற அடுக்குகளுக்கு உயர்த்தி 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537 கிடைக்கும். ஐந்தும் பகா எண்கள். அடுத்து வருவதுதான் இந்த 429 கோடி. அதுவும் அப்படித்தானே இருக்கும்?

லியோனார்டு ஆய்லர் 1707-ல் ஸ்விட்சர்லாந்தின் பாசெல் நகரில் பிறந்தவர். பாதிரியாரான அப்பா, மகனும் அதே வழியில் வரட்டும் என்று நினைத்தார். பையனின் கணக்குத் திறமையைக் கண்டுபிடித்த யோஹான் பெர்னூலி பேசித்தான் அவர் மனம் மாறினார். 20 வயதில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அகாடமியில் வேலை. 1729-ல் நண்பர் கோல்ட்பாக் கடிதத்தில் ஃபெர்மாவின் கணிப்பைப் பற்றிக் கேட்டார். ஆய்லர் முதலில் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1732-ல் பதில் வந்தது: 641-ஐ 6700417-ஆல் பெருக்கினால் அதே எண். ஃபெர்மா கணிப்பு காலி.

ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் பார்த்தால் 65536 வரைக்கும் போக வேண்டியிருக்கும். ஆனால், இந்த எண்ணை வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 64-ன் மடங்கோடு 1 கூட்டியதாகத்தான் இருக்க முடியும். இதற்கான நிரூபணத்தை ஆய்லர் பின்னாளில் எழுதினார். அப்படிப்பட்ட எண்கள் 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641... இப்போது பள்ளி விதிகளுக்கு வேலை வருகிறது. 65, 385 இரண்டும் 5-ல் முடிகின்றன, தள்ளு. 129, 321, 513 மூன்றும் இலக்கக் கூட்டலில் 3-க்கு மாட்டிக்கொள்கின்றன. மிச்சம் 193, 257, 449, 577, 641. ஐந்தே ஐந்து வகுத்தல், அவ்வளவுதான்.

1738 வாக்கில் ஆய்லருக்கு வலது கண் பார்வை போனது. 1771-க்குள் இடது கண்ணும் ஏறக்குறைய போய்விட்டது. 1772-ல், அந்த நிலையில், வகுக்கக்கூடிய எண்களை இதே மாதிரி வடிகட்டி, 2147483647 பகா எண்தான் என்று காட்டினார். (32 பிட் முழு எண்ணின் உச்சவரம்பாக புரோகிராமர்களுக்குத் தெரிந்த அதே எண்.) 1783-ல் இறக்கும் நாளிலும் கணக்கு பேசிக்கொண்டிருந்தார்.

65537-க்குப் பிறகு ஃபெர்மா வரிசையில் இன்னொரு பகா எண் இதுவரை யாருக்கும் சிக்கவில்லை.