லெவ் ஷுப்னிகோவ்: எம்.ஆர்.ஐ. காந்தத்துக்கு அடித்தளம் போட்டவர் 36 வயதில் சுடப்பட்டது ஏன்?

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மெஷினுக்குள்ளே இருக்கும் காந்தத்தில் பெரும்பாலும் நியோபியம்-டைட்டானியம் கம்பிதான் சுற்றப்பட்டிருக்கும். திரவ ஹீலியத்தில் குளிரவைத்தால் அதில் மின்தடை சுத்தமாகக் காணாமல் போய்விடும். இதைத்தான் மீக்கடத்தி என்கிறோம். பலமான காந்தப்புலத்திலும் இந்த ரக மீக்கடத்தி எப்படித் தாக்குப்பிடிக்கிறது? அதற்கான விடையைப் பரிசோதனையில் காட்டியவர் லெவ் ஷுப்னிகோவ்.

யார் இவர்?

1901-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தார். 1926-ல் நெதர்லாந்தின் லைடன் ஆய்வகத்துக்குப் போனார். அங்கே டி ஹாஸுடன் சேர்ந்து பிஸ்மத் படிகங்களில் கண்டுபிடித்ததுதான் ‘ஷுப்னிகோவ்-டி ஹாஸ் விளைவு’. 1930-ல் சோவியத் யூனியன் திரும்பி, இன்றைய உக்ரைனின் கார்கிவ் நகரில் கடுங்குளிர் ஆய்வகத்தை நடத்தினார்.

என்ன கண்டுபிடித்தார்?

ஈயம் போன்ற தூய மீக்கடத்தி, காந்தப்புலத்தை உள்ளேயே விடாது. புலம் ஒரு எல்லையைத் தாண்டினால் மீக்கடத்தும் தன்மையே போய்விடும். ஆனால் உலோகக் கலவைகள் வேற மாதிரி நடந்துகொண்டன. கலவை சீராக இல்லாததுதான் காரணம் என்று பலர் நினைத்தார்கள்.

ஷுப்னிகோவ் குழு ஈயத்துடன் தாலியம் சேர்த்து, சீரான ஒற்றைப் படிகங்களை வளர்த்து அளந்து பார்த்தது. அப்போதும் ஒன்றல்ல, இரண்டு எல்லைகள் தெரிந்தன. இரண்டுக்கும் நடுவில் காந்தப்புலம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வரும். ஆனாலும் மீக்கடத்தும் தன்மை போகாது. ஆக, பிரச்சினை கலவையில் இல்லை. இது தனி ரக மீக்கடத்தி.

பிறகு என்ன ஆச்சு?

அது ஸ்டாலினின் களையெடுப்புக் காலம். 1937 ஆகஸ்ட் 6-ல் ஷுப்னிகோவ் அரசுக்கு எதிரானவர் என்று கைது செய்யப்பட்டார். நவம்பர் 10-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். 1945-ல் இறந்ததாகக் குடும்பத்திடம் பொய் சொன்னார்கள்.

1957 திருப்பம்

20 வருடம் கழித்து, அவர் குற்றமற்றவர் என்று அரசே அறிவித்தது. அதே 1957-ல்தான் அலெக்ஸி அப்ரிகோசோவின் கோட்பாடும் வெளியானது. காந்தப்புலம் மெல்லிய இழைகளாக உள்ளே நுழைகிறது, ஒவ்வொரு இழையையும் சுற்றி மின்னோட்டம் சுழல் மாதிரி ஓடுகிறது என்றார் அவர். அதை ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துக்கொண்டது ஷுப்னிகோவின் அளவீடுகளைத்தான். 2003-ல் அப்ரிகோசோவுக்கு நோபல் கிடைத்தது. இறந்தவர்களுக்கு நோபல் தருவதில்லை.

இன்று இது ஏன் முக்கியம்?

இந்தச் சுழல்கள் நகர்ந்தால் மின்தடை திரும்பி வந்துவிடும். அதனால் அவற்றை ஓரிடத்தில் பிடித்து வைக்க வேண்டும். கம்பிகளில் இந்த வேலையைச் செய்வது உள்ளே இருக்கும் நுண்ணிய குறைகள். தடிமன் ஒரே மாதிரி இல்லாத மெல்லிய படலங்களில், மெலிந்த இடமே சுழலைப் பிடித்துக்கொள்ளும். ஏன்னா, அங்கே இழையின் நீளம் குறைவு, அதற்குத் தேவையான ஆற்றலும் குறைவு.

காந்தப்புலமும் மீக்கடத்தும் தன்மையும் சேர்ந்தே இருக்கும் அந்த நடுநிலைக்கு இயற்பியலில் இன்று ‘ஷுப்னிகோவ் நிலை’ என்றும் பெயர் உண்டு.