ஜான் கேரண்டும் 24 அங்குலமும்



முதலாண்டு ஒர்க்‌ஷாப்பில் ஃபேசிங் செய்யும்போது அளவு பார்க்காமல் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகச் சீவி, ஜாப்பையே வீணடித்தவன் நான். வெட்டினதை ஒட்டவைக்க முடியுமா? இன்னொரு துண்டு கேட்டு ஸ்டோர் வாசலில் போய் நிற்க வேண்டியதுதான். எவ்வளவு வெட்டலாம், எங்கே நிறுத்தலாம் என்ற அதே கேள்வி ஒரு பெரிய மனிதர் முன்னாலும் வந்து நின்றது. அவர் பெயர் ஜான் கான்டியஸ் கேரண்ட். அவர் கையில் இருந்தது துப்பாக்கிக் குழல், அதாவது பேரல்.

துப்பாக்கியா என்று முகம் சுளிக்காதீங்க. போரைப் புகழ நான் வரவில்லை. லேத் பிடித்த ஒரு தொழிலாளியின் கதையாகத்தான் இதைச் சொல்ல வந்தேன்.

கேரண்ட் 1888 ஜனவரி 1-ம் தேதி கனடாவின் கியூபெக் மாகாணத்தில் செயின்ட் ரெமி என்ற ஊரில் பிறந்தார். வீட்டில் பேசியது பிரெஞ்சு. தாயார் இறந்தபின் குடும்பம் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. சின்ன வயதிலேயே பள்ளிப் படிப்பு நின்றுபோய், பஞ்சாலையில் தரை கூட்டும் வேலை. கூட்டிக்கொண்டே மெஷின்களைப் பார்த்தார். பார்த்துப் பார்த்தே மெஷினிஸ்ட் ஆனார். பிறகு பிராவிடன்ஸ் நகரில் பிரௌன் அண்டு ஷார்ப் கம்பெனியில் வேலை. மைக்ரோமீட்டரை அமெரிக்காவில் பெரிய அளவில் தயாரித்த கம்பெனி அது! கல்லூரிப் பட்டம் என்று எதுவும் அவரிடம் கிடையாது.

முதல் உலகப் போர் சமயத்தில் அவர் வரைந்த ஓர் இயந்திரத் துப்பாக்கி டிசைன் அதிகாரிகள் கண்ணில் பட்டது. 1919-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு அரசு ஆயுதசாலையில் சேர்ந்தார். செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் ஒன்று செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தரப்பட்ட வேலை. ஒருமுறை விசையை இழுத்தால் ஒரு குண்டு. அடுத்த குண்டைத் துப்பாக்கியே ஏற்றிக்கொள்ள வேண்டும். கேட்க எளிது. செய்து முடிக்க ஏறத்தாழ 17 வருஷம் ஆச்சு. நடுவில் .276 என்ற சிறிய குண்டுக்குத் துப்பாக்கியைத் தயார் செய்தார். 1932-ல் தளபதி மெக்ஆர்தர், கிடங்கில் நிறைய இருந்த பழைய .30 குண்டையே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்துவிட்டார். நம்மில் ஒருவராக இருந்தால் டிராயிங் போர்டைத் தூக்கி எறிந்திருப்போம். அவர் மறுபடி வரைந்தார். 1936 ஜனவரியில் அந்த ரைஃபிள் ‘எம்-1’ என்ற பெயரில் ராணுவத்தில் ஏற்கப்பட்டது.

இப்போ குழலின் நீளத்துக்கு வருவோம். குண்டுக்குப் பின்னால் மருந்து எரிந்து வாயுவாகித் தள்ளுகிறது. குழல் நீளமாக இருந்தால் தள்ளும் தூரம் கூடும், வேகமும் கூடும். ஆனால் எடை ஏறும், தூக்கித் திரிவது கஷ்டம். குட்டையாக்கினால் மருந்து எரிந்து முடிவதற்குள் குண்டு வெளியே போய்விடும். மிச்சம் வாய்ப்பக்கம் நெருப்பாகவும் பெருஞ்சத்தமாகவும் வெடிக்கும். அமெரிக்க ராணுவத்தின் பழைய கிராக் துப்பாக்கியில் காலாட்படைக்கு 30 அங்குலம், குதிரைப்படைக்கு 22 அங்குலம் என்று இரண்டு வகை இருந்தன. 1903-ல் வந்த துப்பாக்கியில் இருவருக்கும் பொதுவாக 24 அங்குலம் என்று வைத்தார்கள். எம்-1 ரைஃபிளும் அந்த அளவிலேயே நின்றது.

கேரண்டின் துப்பாக்கியில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த வாயுதான் துப்பாக்கியை இயக்கவும் வேண்டும். முதலில் அவர் குழலில் துளை போடவில்லை. குழலைச் சற்று முன்னதாகவே முடித்து, அதன் வாயில் ஒரு மூடி மாட்டி, வெளியே வரும் வாயுவை அதில் பிடித்தார். மூடி லேசாக ஆடினாலும் குண்டு செல்லும் பாதையோடு ஒத்துப்போகாது, கரியும் படியும். 1940 வாக்கில் அதைக் கைவிட்டு, குழலை முழு 24 அங்குலமாக நீட்டி, வாய்க்குச் சற்றுப் பின்னால் அடிப்பக்கத்தில் சிறு துளை போட்டார்கள். அந்த இடத்தில் வாயுவின் அழுத்தம் நன்றாகத் தணிந்திருக்கும். தண்டை அடித்து நொறுக்காமல் தள்ளும்.

இதே காலத்தில் எட்டுக் குண்டுகளில் ஏழாவது மட்டும் சிக்கிக்கொள்ளும் கோளாறு ஒன்று வந்தது. தேடிப் பார்த்தால், தயாரிப்பில் ஓரிடத்தில் உலோகத்தைக் கொஞ்சம் கூடுதலாக வெட்டியிருந்தார்கள்! என் ஃபேசிங் ஜாப் ஞாபகம் வந்தது.

1944-ல் குட்டைத் துப்பாக்கி கேட்டார்கள். கேரண்டே குழலை 18 அங்குலமாக்கி, மடக்கும் கட்டையோடு ஒரு மாதிரி செய்தார். ஆறு அங்குலம் எடுப்பது என்றால் ஹாக்சா வைத்து அறுப்பது இல்லை. துளை, வாயு சிலிண்டர், முன் குறிமுனை எல்லாம் வாய்ப்பக்கம் இருப்பதால் அத்தனையும் பின்னுக்கு வரும். இயக்கும் தண்டையும் குட்டையாக்கணும். சோதனையில் குறி ஓரளவு சரியாகவே இருந்தது. ஆனால் வாயில் எழுந்த நெருப்பும் அதிர்ச்சியும் பொறுக்க முடியாத அளவு. அந்த மாதிரி அத்தோடு நின்றது. ஆனாலும் பசிபிக் தீவுக் காடுகளில் இருந்தவர்களுக்கு நீளம் இடைஞ்சலாகவே இருந்தது. 1945 ஜூலையில் 15,000 குட்டை ரைஃபிள்களுக்கு ஆர்டர் போட்டார்கள். மறுமாதமே போர் முடிந்து ஆர்டர் ரத்தானது. யார் சொன்னது சரி? நெருப்பைப் பார்த்த சோதனைக்காரரும் சரி, புதருக்குள் தவழ்ந்த சிப்பாயும் சரி என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஐம்பது லட்சத்துக்கும் மேல் எம்-1 தயாரானது. தயாரிக்கும் கருவிகள் பலவற்றையும் அவரே வடிவமைத்தார். உரிமையை அரசுக்கே எழுதிக் கொடுத்திருந்ததால் ராயல்டி ஒரு காசு வரவில்லை. வாங்கியது மாதச் சம்பளம்தான். ஒரு லட்சம் டாலர் அளிக்கும் மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்து, நிறைவேறாமலே போனது. 1944-ல் ஒரு பதக்கம் கொடுத்தார்கள். இது நியாயமில்லை என்பேன் நான். அவரோ வேலையை விடாமல் 1953 வரை இருந்து ஓய்வு பெற்றார். பனிச்சறுக்கு மோகத்தில் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் விட்டு உறைய வைத்துச் சறுக்கினார் என்றும் அவரைப் பற்றிச் சொல்வார்கள்.

1957-ல் எம்-1 இடத்துக்கு எம்-14 வந்தது. கேரண்டின் அமைப்பிலிருந்து வளர்ந்த துப்பாக்கிதான். வாயு எடுக்கும் துளையைப் பின்னுக்குத் தள்ளி, குழலை 22 அங்குலமாக்கியிருந்தார்கள். அதையும் பார்த்துவிட்டுத்தான் 1974 பிப்ரவரி 16-ல் ஸ்பிரிங்ஃபீல்டில் அவர் கண் மூடினார்.