முதல் ஊசி தனக்கே: வால்டெமார் ஹாஃப்கின்

போன செமஸ்டர் எங்க இறுதியாண்டு புரொஜெக்டுக்காக நாடித்துடிப்பை அளக்கும் ஒரு சின்னக் கருவி செய்தோம். ஜூனியர் மாணவர்கள் சிலரைக் கூப்பிட்டு, மணிக்கட்டில் மாட்டி ரீடிங் எடுத்தோம். விரிவுரையாளர் கேட்ட முதல் கேள்வி ரீடிங்கைப் பற்றி இல்லை. எதற்காக இது என்று விளக்கி அவர்களிடம் சம்மதம் வாங்கினீர்களா என்று கேட்டார். நாங்க முழித்தோம். முதலில் எங்க கையிலேயே மாட்டிப் பார்த்துவிட்டோம் சார் என்று சமாளித்தோம். அது போதாது என்று சொல்லிவிட்டார்.

ஏன் போதாது? இந்தக் கேள்வியோடு தேடிப் படித்தபோதுதான் ஹாஃப்கின் என்ற மனிதரைப் பற்றி முழுசாகத் தெரிந்துகொண்டேன். இந்தியாவில் லட்சக்கணக்கானவர்களுக்கு அவருடைய தடுப்பூசி போய்ச் சேர்ந்தது. அவர் பெயரில் மும்பையில் இன்றும் ஓர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. ஆனால் அவர் வாழ்க்கை நம்மில் பலருக்குத் தெரியாது.

ஹாஃப்கின் 1860இல் கருங்கடல் ஓரத்தில் உள்ள ஒடெஸா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அன்றைக்கு அது ரஷ்யப் பேரரசின் ஊர். பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தார். யூதர்கள் மீது கலவரக் கும்பல் பாய்ந்தபோது, தடுக்கப் போய்க் காயம் பட்டு, கைதும் ஆனார். சொந்த நாட்டில் முன்னேற வழியில்லாமல் போகவே, 1889இல் பாரிஸின் பாஸ்டர் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். கிடைத்த வேலை நூலகர் வேலை. மற்ற நேரத்தில் காலரா கிருமியை ஆராய்ந்தார். ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: அவர் மருத்துவர் இல்லை. அதுவே பின்னாளில் சில மருத்துவ அதிகாரிகளின் கண்ணை உறுத்தியது.

விலங்குகளில் சோதித்த பிறகு, 1892 ஜூலை 18ஆம் தேதி, வீரியம் குறைத்த காலரா கிருமியைத் தன் உடம்பிலேயே செலுத்திக்கொண்டார். காய்ச்சல் வந்தது, போனது. சில நாள் கழித்து வீரியம் கூடிய இரண்டாவது ஊசி. அதற்கப்புறம்தான் மற்றவர்களுக்குப் போட்டார்.

இதைப் படிக்கும்போது எனக்குப் புல்லரித்தது. ஆனால் பொறியியல் மாணவன் மூளை உடனே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. ஒரே ஆள் உயிரோடு இருப்பதால் என்ன நிரூபணம் ஆகிறது? ஊசி அந்த ஒருவரைக் கொல்லவில்லை என்பது மட்டும்தான். அது நோயைத் தடுக்குமா என்பதற்கு அதில் பதில் இல்லை. அதற்கு நோய் இருக்கும் இடத்துக்குப் போகணும், ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்க்கணும். அதனால் 1893இல் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தார்.

மக்கள் சந்தேகப்பட்டதில் ஆச்சரியமே இல்லை. ஆட்சி அந்நியருடையது, ஊசி புதுசு, ஆளும் புதுசு. ஹாஃப்கின் கட்டாயப்படுத்தவில்லை. வங்காள மருத்துவர்களோடு சேரிகளுக்குள் நடந்து போனார். கட்டல் பாகன் என்ற பகுதியில் சுமார் 200 பேரில் 116 பேர் ஒப்புக்கொண்டார்கள். அதன்பின் அங்கே காலரா வந்தபோது, தாக்கியது ஊசி போடாதவர்களைத்தான்.

1896இல் பம்பாயில் பிளேக் பரவியது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஒதுக்கிய சின்ன இடத்தில், ஒரு குமாஸ்தாவையும் மூன்று பியூன்களையும் வைத்துக்கொண்டு இராப்பகலாக வேலை செய்தார். நெய்த் துளிகள் மிதக்கும் திரவத்தில் கிருமியை வளர்த்து, சூட்டில் கொன்று, மருந்தாக்கினார். 1897 ஜனவரி 10ஆம் தேதி, மற்றவர்களுக்குக் கொடுக்கவிருந்ததை விட அதிக அளவைத் தனக்குப் போட்டுக்கொண்டார். அந்த மாத இறுதியில் பைகுல்லா சிறைக்குள்ளும் பிளேக் நுழைந்தது. கைதிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் ஊசிக்கு முன்வந்தார்கள். போட்டவர்களிடையே நோய் தெளிவாகக் குறைந்திருந்தது.

அதே வருஷம் புனேயில் என்ன நடந்தது தெரியுமா? பிளேக்கை ஒழிக்கிறோம் என்று சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து சோதனை போட்டார்கள். மக்கள் கொதித்தார்கள். பிளேக் அதிகாரி ராண்ட் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரே நோய், ஒரே அரசாங்கம். ஓரிடத்தில் கேட்டுச் செய்தார்கள், இன்னோரிடத்தில் கேட்காமல் செய்தார்கள்.

ஆனாலும் ஹாஃப்கினைக் குறையே இல்லாதவராகக் காட்ட எனக்கு மனமில்லை. கம்பிக்குள் இருக்கும் கைதி சரி என்று தலையாட்டினால், அது உண்மையான சம்மதமா? மறுத்தால் வார்டன் என்ன நினைப்பாரோ என்ற பயம் இருந்திருக்காதா? 1898இல் பரோடாவுக்குப் பக்கத்தில் உந்தேரா கிராமத்தில் ஒவ்வொரு குடும்பத்திலும் பாதிப் பேருக்கு மட்டும் ஊசி போட்டார். ஒப்பிட்டுப் பார்க்க அது நல்ல முறைதான். ஆனால் அண்ணனுக்குப் போட்டு, தம்பியை விட்டுவைத்த வீட்டில் தம்பி செத்திருந்தால் அந்தத் தாய்க்கு என்ன பதில் சொல்வது? மருந்து உதவுமா என்று உண்மையிலேயே தெரியாத வரைக்கும்தான் அப்படிப் பிரிப்பது நியாயம். தெரிந்துவிட்ட பிறகும் பிரித்தால் அது அநியாயம். அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று இன்றைக்கும் ஆய்வுக் குழுக்கள் வாதாடிக்கொண்டுதான் இருக்கின்றன.

அடுத்து வந்தது பெரிய சோதனை. 1902 அக்டோபர் 30ஆம் தேதி, பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் 107 பேருக்கு ஊசி போட்டார்கள். அதில் ஒரே பாட்டிலிலிருந்து மருந்து பெற்ற 19 பேர் டெட்டனஸ் கண்டு இறந்தார்கள். பத்தொன்பது உயிர். அதிக மருந்து வேகமாகத் தேவைப்பட்டதால், ஹாஃப்கின் கார்பாலிக் அமிலத்தை விட்டுவிட்டு வெறும் சூட்டால் கிருமி நீக்கும் முறைக்கு மாறியிருந்தார். ஆய்வுக்கூடத்திலேயே மருந்து கெட்டுவிட்டது என்று விசாரணைக் குழு முடிவு கட்டியது. அவர் பொறுப்பிலிருந்து ஒதுக்கி வைக்கப்பட்டு, 1904இல் இந்தியாவை விட்டுக் கிளம்பினார்.

ஆனால் ஆதாரங்கள் வேறு கதை சொல்லின. அந்தப் பாட்டிலைத் திறந்த உதவியாளரின் இடுக்கி மண்ணில் விழுந்திருந்தது. அதைச் சரியாகக் கிருமி நீக்காமலேயே பயன்படுத்தினார்கள். டெட்டனஸ் கிருமி பல வாரம் பாட்டிலுக்குள் வளர்ந்திருந்தால் திறந்ததும் நாற்றம் வந்திருக்கணும். வரவில்லை. நோய் அறிகுறியும் சுமார் ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. மலேரியா ஆராய்ச்சிக்கு நோபல் பரிசு பெற்ற ரொனால்ட் ராஸ் உட்படப் பத்து அறிஞர்கள் 1907இல் லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் அவருக்காகக் குரல் கொடுத்தார்கள். அந்த வருஷமே அவர் மேல் இருந்த பழி நீங்கியது. கல்கத்தாவுக்குத் திரும்பினார், ஆனால் பழைய இடம் கிடைக்கவில்லை. பிறகு ஓய்வு பெற்றார். 1925இல் பம்பாய் ஆய்வுக்கூடத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். 1930இல் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் காலமானார். கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

சம்மதம் வாங்குவதை முதல் விதியாக வைத்த நியூரம்பெர்க் விதிகள் வந்தது 1947இல். ஹெல்சிங்கி பிரகடனம் 1964இல். இவை எதுவும் இல்லாத காலத்திலேயே ஹாஃப்கின் ஆபத்தை முதலில் தானே ஏற்றார், பிறகு மக்களிடம் கேட்டார். இரண்டும் பெரிய விஷயம்.

இப்போது என் விரிவுரையாளர் சொன்னது புரிகிறது. என் உடம்பை நான் பணயம் வைக்கலாம், அது என் தைரியம். அந்தத் தைரியத்தால் இன்னொருவர் உடம்பின் மேல் எனக்கு உரிமை வந்துவிடாது. அதை அவர்தான், பயமில்லாமல், புரிந்துகொண்டு தரணும். தப்பு நடந்தால், வாகாக அகப்பட்ட ஒருத்தர் தலையில் பழியைப் போடாமல், எந்தப் படியில் தவறினோம் என்று தேடணும்.

கோவிட் காலத்தில் நாம எல்லாரும் வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டோம். அந்த ஊசியை நமக்கு முன்னாலேயே, பலன் தருமா என்று தெரியாத நிலையில், போட்டுக்கொண்ட முகம் தெரியாத தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். கட்டல் பாகனின் 116 பேரைப் போல. முல்கோவாலின் 19 பேரையும் சேர்த்தே நினைப்போம்.

இந்த செமஸ்டர் எங்க கருவியை மறுபடியும் சோதித்தோம். தமிழிலும் மலாயிலும் ஒரு பக்க விளக்கம் எழுதிக் கொடுத்தோம். இரண்டு பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நன்றி சொல்லி அனுப்பிவைத்தோம்.