கணக்கெடுத்த திவான்: சீனிவாச ராகவையங்கார்

சீனிவாசராகவன் என்றவுடன் கவிஞருலகிற்கு 'நாணல்' என்னும் புனைபெயர் கொண்ட பேராசிரியரே நினைவுக்கு வருவார். இங்கே கூறப்படுபவர் அவருக்கு முந்திய தலைமுறையினர். கவிதை எழுதியவரல்லர், கணக்கு எழுதியவர். 1849இல் பிறந்து, சென்னை மாகாணத்தில் பத்திரப் பதிவுத் துறையின் தலைவராக உயர்ந்தவர் திவான் பகதூர் எஸ். சீனிவாச ராகவையங்கார்.

கன்னிமாரா பிரபு ஆளுநராயிருந்த காலத்தில் (1886-1890) அவரிடம் ஒரு வினா ஒப்படைக்கப்பட்டது. கடந்த நாற்பது ஐம்பது ஆண்டுகளில் இம்மாகாணத்து மக்களின் வாழ்வு உயர்ந்ததா, தாழ்ந்ததா? தாதா பாய் நௌரோஜி முதலியோர் இந்தியாவின் வறுமையை எண்களால் நிறுவிக் கொண்டிருந்த வேளை அது. அரசாங்க ஊழியர் ஒருவர் என்ன விடை சொன்னாலும் ஒரு சாரார் ஐயுறுவர் என்பதை அவர் அறியாதிருக்க முடியாது.

தானிய விலை, கூலி, சாகுபடிப் பரப்பு, வாணிகம், நிலத்தின் கிரய மதிப்பு, குடிகளின் கடன் எனக் கிடைத்ததையெல்லாம் திரட்டினார். கிடைக்காதவையோ பல. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தையே எடுத்துக்கொண்டால் போதும். உடையார்பாளையம், அரியலூர், துறையூர், மருங்காபுரி ஆகிய ஜமீன்களின் ஊர்க் கணக்குகள் சர்க்கார் கிராமக் கணக்குகளைப் போல் ஒழுங்குற அமைந்தவையல்ல. ஜமீன் கிராம ஊழியர்களுக்கான தனிச் சட்டமே 1894இல்தான் வந்தது. 1836இல் எழுந்த முக்கொம்பு மேலணைக்குக் கீழே, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீரங்கத்து நன்செய்யையும், மழையை நம்பிய பெரம்பலூர்ப் புன்செய்யையும் கூட்டிச் சராசரி கண்டால், அந்தச் சராசரியில் வாழும் குடியானவன் எந்த ஊரிலும் இரான்.

பத்திரங்கள் அவருடைய சொந்தத் துறை. ஆயினும் நூறு ரூபாய்க்குக் குறைந்த மதிப்புடைய பத்திரங்களைப் பதிய வேண்டும் என்ற கட்டாயம் அன்றைய பதிவுச் சட்டத்தில் இல்லை. விதைநெல்லுக்கு வாங்கிய கடனும் வாய்மொழிக் கைமாற்றும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. ஏழையின் கடனே கணக்கிலிருந்து முதலில் நழுவுகிறது.

எல்லாவற்றினும் பெரிய வெற்றிடம் தாது வருஷப் பஞ்சம். ஊரைவிட்டு வெளியேறி வழியில் மாண்டவர்களைப் பதிய ஆளில்லை. மாகாணத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1899இல்தான் இயற்றப்பட்டது. ஆகவே சாவை மக்கள்தொகைக் கணக்கின் குறைவிலிருந்தே உய்த்துணர வேண்டியிருந்தது. 1871இல் மாகாண மக்கள் சுமார் 3 கோடியே 12 லட்சம். 1881இல் சுமார் 3 கோடியே 8 லட்சம். திருச்சிராப்பள்ளி மாவட்டமோ பத்தாண்டு கழித்தும் ஏறத்தாழ 12 லட்சத்திலேயே நின்றது. பிறந்திருக்க வேண்டியவர்கள், பிழைத்திருக்க வேண்டியவர்கள் எல்லாரும் அந்த நின்றுபோன எண்ணுக்குள் அடங்கியிருக்கிறார்கள். நாட்டுப்புறக் கும்மிகளும் சிந்துகளும் அந்தப் பஞ்சத்தைத் தம் வழியில் பதிந்தன. அரசாங்கக் கணக்கில் அவற்றுக்கு இடமேது?

1893இல் அறிக்கை அரசு அச்சகத்தில் நூலாயிற்று. வாழ்க்கைத் தரம் இன்னும் மிகத் தாழ்ந்ததே; எனினும் முன்னிருந்ததைவிட உயர்ந்திருக்கிறது என்பது அவர் கண்ட முடிவு. ஆட்சியாளருக்கு அது உவப்பாயிருந்தது என்பதில் ஐயமில்லை. அதற்காக அவரை முகத்துதி செய்தவர் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. தம் முடிவை மறுக்க விரும்புவோர்க்கு வேண்டிய பட்டியல்களையும் அந்நூலிலேயே நிரம்ப அச்சிட்டு வைத்தவர் அவர்.

பின்னர்ப் பரோடா சமஸ்தானத்தின் திவானாகப் பணியாற்றி, 1903இல் காலமானார். தென்னிந்திய வேளாண் கூலிகளைப் பற்றி 1965இல் நூல் வெளியிட்ட தர்மா குமார் உள்ளிட்ட ஆய்வாளர்கள், அந்தப் பழைய அறிக்கையை மீண்டும் புரட்ட நேர்ந்தது.