எருதோடும் பேசிய அருட்சகோதரர்



மன்னார்ப் பெருநிலப்பரப்பில் மாந்தை மேற்கைச் சேர்ந்த பெரியமடு போன்ற வயற்கிராமங்களில், பொழுது புலரும் வேளையில் எழும் முதற் குரல் பெரும்பாலும் மனிதரை நோக்கி எழுவதன்று. அது பட்டியின் படலையைத் திறந்துகொண்டு செல்லும் தாய் ஒருத்தியின் குரலாக இருக்கும். சிவப்பி என்றும் கறுப்பி என்றும் நிறத்தைச் சொல்லிப் பசுவை அழைப்பார்; பால் சுரக்கும்வரை அதன் முதுகைத் தடவியபடி ஏதோ பேசிக்கொண்டிருப்பார்; முந்தியடிக்கும் கன்றைக் கடிந்துகொள்வார்; இரவில் இருமிய ஆட்டை நலம் விசாரிப்பார். குறுணலைத் தூவிக் கோழிகளை அழைத்த பின்னரே வீட்டிலுள்ள பிள்ளைகளை எழுப்புவார். பதில் பேசாத உயிர்களோடு நாள்தோறும் நிகழும் இந்த உரையாடலை நாம் பெரிதாக எண்ணுவதில்லை. அதனைப் பக்திக்குரிய செயலாக எவரும் கருதுவதுமில்லை.

ஆயினும் திருமறை இதனை எளிதாகக் கடந்து செல்லவில்லை. ஓய்வுநாளின் இளைப்பாற்றியை இறைவன் மனிதருக்கு மட்டும் தரவில்லை. எருதுக்கும் கழுதைக்கும் சேர்த்தே தந்தார். சூடு மிதிக்கும் மாட்டின் வாயைக் கட்டக் கூடாது என இணைச்சட்ட நூல் விதிக்கின்றது. பகைவனின் கழுதை சுமையின்கீழ் விழுந்து கிடந்தால், பகையை ஒருபுறம் வைத்துவிட்டு அதனைத் தூக்கிவிட வேண்டும் என்கின்றது விடுதலைப் பயண நூல். இக்கட்டளைகளைத் தம் அன்றாட வேலைகளின் நடுவே ஆண்டாண்டுகளாகக் கடைப்பிடித்த ஒருவரைத் திருச்சபை புனிதராக உயர்த்தியிருக்கின்றது. அவரே லீமா நகரின் புனித மார்ட்டின் தெ போரஸ். அவருடைய திருநாள் கார்த்திகை 3ஆம் நாள்.

உழவரின் பாதுகாவலர் என்றதும் பலருக்கு ஸ்பெயின் நாட்டுப் புனித இசிதோர் நினைவுக்கு வரலாம். நம் கரையோர மக்களின் விசுவாசத் தந்தையான புனித சவேரியாரோடு ஒரே நாளில், 1622ஆம் ஆண்டு பங்குனி 12ஆம் நாள், புனிதராக அறிவிக்கப்பட்டவர் அவர். ஏர் பூட்டி உழுத அந்தக் கூலி உழவர் நம் வணக்கத்துக்கு உரியவரே. எனினும் மார்ட்டினைப் பொறுத்தவரை நமக்கு ஒரு வாய்ப்பு உண்டு. அவர் இறந்து இருபத்தொரு ஆண்டுகள் கழித்து, 1660இல், அவரை நேரில் அறிந்தவர்களை அழைத்து, ஆணையிட்டுச் சாட்சி சொல்லச் செய்து, அச்சாட்சியங்களை லீமாவின் திருச்சபை அதிகாரிகள் எழுதி வைத்தனர். அவர் விலங்குகளோடு எப்படிப் பழகினார் என்பதை நாம் அவ்வழியாகவே அறிகின்றோம்.

மார்ட்டின் 1579ஆம் ஆண்டு மார்கழி 9ஆம் நாள் பெரு நாட்டின் லீமா நகரில் பிறந்தார். அக்காலத்தில் மன்னார்த் தீவு போர்த்துக்கேயரின் கையில் இருந்தது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் போர்த்துக்கல் நாடு ஸ்பெயின் அரசரின் முடியின்கீழ் வந்துவிட்டதால், லீமாவும் மன்னாரும் ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் ஒரே அரசருக்குத் திறை செலுத்தின. உலகின் இரு கோடிகள், ஒரே கொடி. அக்கொடியின் நிழலில் மனிதர் நிறத்தால் வகுக்கப்பட்டனர். மார்ட்டினின் தந்தை யுவான் தெ போரஸ் ஸ்பானிய உயர்குடியினர். தாய் ஆன்னா வெலாஸ்கெஸ் அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்ற கறுப்பினப் பெண். பிள்ளை தாயின் நிறத்தைக் கொண்டிருந்தது. புனித செபஸ்தியார் ஆலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டில் அப்பிள்ளையின் தந்தை அறியப்படாதவர் என்றே எழுதப்பட்டது. சில ஆண்டுகளின் பின் அதே திருமுழுக்குத் தொட்டியில் திருமுழுக்குப் பெற்றவரே புனித லீமா ரோசா.

தந்தை பின்னர் பிள்ளைகளை ஏற்றுக்கொண்டாரேனும், வறுமையும் ஏளனமும் மார்ட்டினின் இளமையை விட்டு அகலவில்லை. பன்னிரண்டு வயதளவில் முடி திருத்துநர் ஒருவரிடம் தொழில் பழகினார். அந்நாளில் முடி திருத்துநரே காயத்துக்குக் கட்டுப் போடுபவர், எலும்பைப் பொருத்துபவர், மூலிகை மருந்து தருபவர். பிற்காலத்தில் மனிதருக்கும் விலங்குக்கும் ஒரே கையால் மருந்திட்ட மார்ட்டினின் வைத்தியக் கல்வி இதுவே.

பதினைந்தாம் வயதில் லீமாவிலிருந்த சாமிநாதர் சபையின் திருச்செபமாலை மடத்தின் கதவைத் தட்டினார். ஆப்பிரிக்க இரத்தம் உடையவர்களைச் சபையின் முழு உறுப்பினராகச் சேர்க்க அன்றைய விதிகள் இடந்தரவில்லை. ஆகவே மடத்தின் பணியாளராகத் தம்மை ஒப்புக்கொடுத்தார். தரை பெருக்கினார், துணி வெளுத்தார், துறவிகளுக்கு முடி வெட்டினார், நோயாளர் அறையில் இரவும் பகலும் உழைத்தார். ஒன்பது ஆண்டுகள் இவ்வாறு கழிந்த பின், 1603இல், அருட்சகோதரராக வார்த்தைப்பாடு கொடுக்கும் பேறு அவருக்குக் கிட்டியது. மடம் கடனில் தத்தளித்த ஒரு வேளையில், தம்மை அடிமையாக விற்றுக் கடனைத் தீர்க்குமாறு தலைவரிடம் மன்றாடியவர் அவர். நோய்ப்பட்டிருந்த துறவிகளிற் சிலர் கோபத்தில் அவருடைய நிறத்தைச் சொல்லி, நாய் என்றும் ஏசினர். அவர் முகம் மாறவில்லை. ஏசியவரின் படுக்கையைச் சரிசெய்துவிட்டு அடுத்த நோயாளரிடம் சென்றார்.

இதனை நாம் மனத்தில் இருத்த வேண்டும். நாய் என ஏசப்பட்டவரைத் தேடி, நகரத்து நாய்கள் உண்மையிலேயே மடத்துக்கு வந்தன. காயப்பட்ட நாய் ஒன்று வாயிலில் வந்து நிற்கும். மார்ட்டின் அதனைத் தம் அறைக்கு அழைத்துச் செல்வார். புண்ணைக் கழுவி, தைத்து, ஆட்டுத்தோலை விரித்து அதன்மேல் படுக்கச் சொல்வார். குணமானபின் இனிச் சண்டைக்குப் போகாதே என்று புத்தி சொல்லி அனுப்புவார். மடத்துக்குள் விலங்குகள் பெருகுவதைத் தலைவர்கள் விரும்பாதபோது, கீழ்ப்படிதலை மீறாமல், நகரில் வாழ்ந்த தம் தங்கை யுவானாவின் வீட்டை நாய் பூனைகளின் வைத்தியசாலையாக்கினார். அவை வீட்டை அசுத்தம் செய்வதாகத் தங்கை முறையிட்டார், முறையிடாமல் இருப்பாரா? மார்ட்டின் அந்த நாய்களை அழைத்து, தெருவுக்குச் சென்று வருமாறு அறிவுறுத்தினார் என்றும், அவை அவ்வாறே செய்தன என்றும் வரலாறு கூறுகின்றது.

மடத்தின் உடைகளையும் துணிகளையும் எலிகள் கடித்துப் பாழாக்கின. நஞ்சு வைப்பதே வழி எனப் பொறுப்பாளர் முடிவு செய்தார். மார்ட்டின் ஓர் எலியைப் பிடித்தார். துணிகளை அழிப்பது தகாது என்று அதனைக் கண்டித்தார். அதன் கூட்டத்தார் அனைவரும் தோட்டத்தின் கோடிக்குக் குடிபெயர்ந்தால், உணவு தேடி அலையும் துன்பம் இன்றித் தாமே நாள்தோறும் கொண்டுவந்து தருவதாக வாக்களித்தார். எலிகள் வெளியேறின என்பதே இக்கதையில் பலரும் வியக்கும் பகுதி. அடியேனை வியக்க வைப்பது வேறொன்று. நோயாளர் பணியும், வாயிலில் காத்திருந்த ஏழைகளுக்கு உணவளிக்கும் பணியும் முடிந்த பின், மார்ட்டின் எலிகளுக்குக் கொடுத்த வாக்கை நாள் தவறாமல் நிறைவேற்றினார்.

லீமாவுக்கு வெளியே, லிமத்தம்போ என்ற இடத்தில் மடத்துக்குப் பெரிய பண்ணை ஒன்று இருந்தது. மார்ட்டின் அங்கு அனுப்பப்படும்போது கறுப்பின உழைப்பாளரோடும் அந்நாட்டுப் பழங்குடி மக்களோடும் சேர்ந்து நிலத்தில் உழைத்தார், ஒலிவ மரங்களை நட்டார், மூலிகைகளை வளர்த்தார், தொழுவத்தில் மாடுகளுக்கும் கோவேறு கழுதைகளுக்கும் மருந்திட்டார். உழைப்பாளரின் குடிசைகளிலும் நோயாளரைத் தேடிச் சென்றார்.

எருதுகளைப் பற்றிய நிகழ்வு மற்றொன்று. இளம் துறவிகளின் பொழுதுபோக்குக்காக, ஸ்பானியர் வழக்கப்படி விளையாட்டுக் காட்ட, மடத்தின் முற்றத்தில் எருதுகளைக் கொண்டுவந்து அடைத்திருந்தனர். தீனியும் தண்ணீரும் வைக்க ஒருவருக்கும் நினைவு வரவில்லை. வாயில்கள் பூட்டப்பட்ட இரவு வேளையில், மார்ட்டின் புல்லும் நீரும் கொண்டு அவற்றினிடையே நின்றதைத் துறவி ஒருவர் கண்டார் எனப்படுகின்றது. பெரிய எருது சின்னதை நெருங்கவிடாமல் தானே தின்ன முற்பட்டது. மார்ட்டின் அதனை அடிக்கவில்லை. நீ மூத்தவன், இளையவனுக்கு இடம் விடுவது உன் கடமை என்ற பொருள்பட அதனோடு பேசினார். அது விலகி நின்றது.

சாமிநாதர் சபை புனித தோமா அக்குவினாரின் சபை. விலங்குக்குப் பகுத்தறியும் ஆன்மா இல்லை என்ற அவருடைய போதனை அம்மடத்தின் வகுப்புகளில் நாள்தோறும் முழங்கியது. மார்ட்டின் அதனை மறுக்கவில்லை. எருதை மனிதனாக்கவும் இல்லை. ஆனால் மனிதர் ஒருவருக்கொருவர் வழங்க வேண்டிய மரியாதையின் மொழியை எருதிடமும் பேசினார். மூத்தவன், இளையவன் என்ற குடும்ப முறையை அதற்கும் அளித்தார். அவருக்கோ பதிவேட்டில் தந்தை பெயர்கூட மறுக்கப்பட்டிருந்தது.

நம்மிடையே இது தலைகீழாக நிகழ்வதும் உண்டு. கறுப்பி என்று பசுவை அழைக்கையில் நம் குரல் கனிகின்றது. அதே நிறத்தைச் சொல்லி ஒரு மனிதரைக் குறிப்பிடுகையில் அக்கனிவு எங்கே போய்விடுகின்றது? பசுவைத் தாய் என்று கொண்டாடும் வீட்டிலேயே, தந்தையின் வயதுடைய கூலியாளரைச் சிறுபிள்ளை ஒருமையில் ஏவுகின்றது. பெற்றோர் அதனைத் திருத்துவதில்லை. குடும்பச் செபமாலை முடிந்த சில நிமிடங்களில், சமையலறையில் உதவிக்கு நிற்கும் பெண்ணைப் பார்த்து எழும் குரல் அயல்வீட்டுக்குக் கேட்கின்றது. பதில் பேச இயலாதவரிடமும் பதில் பேசத் துணியாதவரிடமும் நாம் எந்தக் குரலில் பேசுகின்றோம் என்பதை, பாவசங்கீர்த்தனத்துக்கான ஆன்ம சோதனையில் நம்மில் எத்தனை பேர் சேர்த்துக்கொள்கின்றோம்?

உழைத்து முடித்த விலங்கின் கதி என்ன என்பதும் பட்டி வைத்திருப்போரின் மனத்தை உறுத்தும் கேள்வியே. இன்று வயலை உழுவது உழவு இயந்திரம். வயோதிப எருதுக்குத் தீனி போட்டு வைத்திருக்க எல்லாக் குடும்பத்துக்கும் வசதி இல்லை. 2008ஆம் ஆண்டு போர் இப்பகுதியை மூடியபோது, மக்கள் வன்னியின் உட்புறம் நோக்கி இடம்பெயர்ந்தனர். மாடுகளின் கயிறுகளை அவிழ்த்து விட்டுவிட்டுப் புறப்பட்டவர்கள் பலர். அவிழ்க்கும்போது என்ன சொல்லி அவிழ்த்தார்கள் என்பதை அவர்களே அறிவர். அது கைவிடுதல் அன்று. உயிர் பிழைக்க அவற்றுக்கும் ஒரு வழி விடுதலே.

மார்ட்டினின் மடத்தில் நடந்தது வேறு வகை. மடத்தின் பொருளாளர் பதினெட்டு ஆண்டுகளாக ஒரு நாயை வளர்த்தார். அது முதுமையடைந்து சொறி பிடித்துத் துர்நாற்றம் வீசவே, அதனைக் கொன்றுவிடப் பணியாளருக்குக் கட்டளையிட்டார். செய்தி அறிந்த மார்ட்டின் நாயின் உடலைத் தம் அறைக்குக் கொண்டுவரச் செய்தார். பின் பொருளாளரிடம் சென்று, இத்தனை ஆண்டு உடனிருந்ததற்கு இதுவா கைம்மாறு என்று பணிவோடு கண்டித்தார். தமக்காக ஒரு சொல்லும் பேசாதவர் ஒரு கிழட்டு நாய்க்காக மேலாளரிடம் வாய் திறந்தார். அன்றிரவு அவர் செபித்தார். மறுநாள் நாய் உயிரோடு நடமாடியது என்று சாட்சியம் கூறுகின்றது. நன்றி அறியாத எசமானரிடம் இனிப் போகாதே என்று மார்ட்டின் அதற்குச் சொல்லி வைத்தார். அதன்பின் பொருளாளரைத் தொலைவில் கண்டாலே அந்த நாய் ஓடி ஒளிந்துகொண்டது.

புதுமைகளை ஒருபுறம் வைத்தாலும், இம்மனிதரின் நாட்கள் மிக எளிமையானவை. விளக்குமாறு, மருந்துப் பெட்டி, உணவுக் கலயம், செபமாலை. திருவுருவங்களில் கையில் விளக்குமாறோடும், காலடியில் ஒரே கலத்தில் உண்ணும் நாய், பூனை, எலியோடும் அவர் நிற்பதைக் காண்கின்றோம். மடத்தின் கீழறையில் அம்மூன்றையும் சண்டையிடாது உண்ணுமாறு கூறி அவர் அமரச் செய்தார் என்ற சாட்சியமே அவ்வுருவத்துக்கு மூலம். ஆதரவற்ற சிறுவர் சிறுமியருக்காகத் திருச்சிலுவை இல்லம் லீமாவில் உருவாகவும் அவர் உழைத்தார்.

1639ஆம் ஆண்டு கார்த்திகை 3ஆம் நாள், அறுபது வயதை எட்டும் வேளையில், கடும் காய்ச்சலால் அவர் இறைவனடி சேர்ந்தார். பெருவை ஆண்ட அரசப் பிரதிநிதி சின்சோன் கோமகன் அவருடைய படுக்கையருகே முழந்தாளிட்டு அவர் கையை முத்தமிட்டார். ஒருகாலத்தில் மடத்தின் முழு உறுப்பினராக ஏற்கப்படாதவரின் உடலைச் சுமக்க நகரின் பெரியோர் முன்வந்தனர். மக்கள் அவருடைய அங்கியைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்துச் சென்றதால், புதிய அங்கியை மீண்டும் மீண்டும் அணிவிக்க நேர்ந்தது. 1837இல் திருத்தந்தை 16ஆம் கிரகோரியார் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். 1962ஆம் ஆண்டு வைகாசி 6ஆம் நாள் திருத்தந்தை 23ஆம் அருளப்பர் அவரைப் புனிதராக அறிவித்தார். அதற்காக ஆராயப்பட்ட சாட்சிய ஏடுகளில் கோமகன் முழந்தாளிட்ட செய்தியும் உண்டு. தோட்டத்தின் கோடிக்கு நாள்தோறும் சென்ற உணவுக் கலயத்தின் செய்தியும் உண்டு.