மர்ஹூம் சித்திலெப்பை வகுத்த கல்வி வழி

எமது கல்லூரி தோன்றுவதற்கு முன்பே அறிஞர் எம். சி. சித்திலெப்பை மறைந்துவிட்டார். ஆயினும், காலையில் குர்ஆன் ஓதிவிட்டு அதே வாங்கில் இருந்து கணக்கும் ஆங்கிலமும் படித்தோமே, அந்த ஏற்பாட்டின் வேர் அவரிடமே உள்ளது. ‘அஸன்பேயுடைய கதை’யை எழுதியவர் என்று மட்டுமே பாடசாலை நாட்களில் அவரை அறிந்திருந்தோம்.

1838இல் கண்டியில் பிறந்த அன்னார் சட்டத்தரணியாகப் பெயர் பெற்றார். அக்காலத்தில் ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் மிஷனரிப் பாடசாலைகளிலேயே கிடைத்தது. பிள்ளை மார்க்கத்தை விட்டுவிடும் என அஞ்சிய பெற்றோர், ஓதப்பள்ளியோடு படிப்பை நிறுத்திக்கொண்டனர். அந்த அச்சம் வீணானது என்று நாம் சொல்லமாட்டோம். அவரும் அதைப் பரிகசிக்கவில்லை. அந்த அச்சத்துக்கு இடமில்லாத ஒரு பாடசாலையை அமைக்கவே முயன்றார்.

இல்மைத் தேடுவது கடமை எனும்போது, மார்க்கக் கல்வி ஓரிடம், உலகக் கல்வி வேறிடம் என்று பிரிப்பதில் அவருக்கு உடன்பாடில்லை. குர்ஆன், அறபு, தமிழ், ஆங்கிலம் எல்லாம் ஒரே கூரையின்கீழ் கற்பிக்கப்பட வேண்டும் என்றார். பொருள் தெரியாமல் ஓதுவதோடு பிள்ளைகள் நின்றுவிடக் கூடாதென்று அறபுப் பாடநூல்களையும் தாமே எழுதினார். பாடத்திட்டம் என்று கடதாசியில் எழுதி வைப்பது இலகு. அதற்குரிய புத்தகத்தையும் எழுதிக் கொடுப்பவர் எத்தனை பேர்?

1882இல் ‘முஸ்லிம் நேசன்’ வார இதழைத் தொடங்கி, கிழமைதோறும் கல்வியின் தேவையை எடுத்துரைத்தார். மறு ஆண்டு எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்த ஒராபி பாஷாவின் நட்பு அவருக்குப் பலம் சேர்த்தது. எனினும் 1884இல் கொழும்பில் அவர் ஆரம்பித்த பாடசாலை போதிய ஆதரவின்றி நின்றுபோனது. மனம் தளராமல், வாப்பிச்சி மரைக்கார் முதலானோருடன் சேர்ந்து 1892இல் மருதானையில் மீண்டும் தொடங்கினார். இன்றைய ஸாஹிறாக் கல்லூரி அதுவே.

எமக்கு நெருக்கமானது இன்னொன்று. பெரியபிள்ளையானதும் படிப்பை நிறுத்திவிடும் வழக்கம் எமது உம்மம்மாமாரின் காலத்திலும் இருந்தது. அதற்கும் முந்திய தலைமுறையிலேயே அவர் கண்டியில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலையைத் திறந்தார். பெண்ணைப் படிக்க அனுப்பத் தயங்கியவர்களுக்கு வாதத்தால் மட்டும் அவர் பதில் சொல்லவில்லை. தமது சொந்தச் சகோதரியையே அங்கு கற்பிக்க வைத்தார்.

1898இல், அறுபது வயது நிறையுமுன்னரே, அன்னார் காலமானார்.