சிறை வாசலில் யார் காத்து நிற்கிறார்கள்? டொன் பொஸ்கோவும் டூரின் நகரத்துப் பையன்களும்

வாள்வெட்டு வழக்குகளின் செய்தி சேகரிப்புக்காக வடக்கின் நீதிமன்றம் ஒன்றுக்குப் பல தடவைகள் போயிருக்கிறேன். ஒருநாள் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனுக்குப் பிணை கிடைத்தது. யுத்தத்தின் கடைசி மாதங்களில் தகப்பனை இழந்தவன். தாய் உள்ளே பிணைப் பத்திரத்தில் கையெழுத்து வைத்துக்கொண்டு நின்றார். வெளியே இரண்டு மோட்டார் சைக்கிள்களில் அவனுடைய கூட்டாளிகள் காத்து நின்றார்கள். தாய் வரும்வரை அவன் நிற்கவில்லை. அவர்களோடு ஏறிப் போய்விட்டான்.

அன்று நான் எழுதிய செய்தியில் எத்தனை பேர் கைது, எத்தனை வாள்கள் மீட்பு என்ற விபரம் இருந்தது. அந்த மோட்டார் சைக்கிள்கள் இருக்கவில்லை. பிறகு டொன் பொஸ்கோவின் வாழ்க்கையை வாசித்தபோதுதான் நான் எதை விட்டுவிட்டேன் என்று விளங்கியது.

அவருடைய பெயர் எங்களுக்குப் புதிதல்ல. தொழிற்பயிற்சி நிலையங்களின் பெயர்ப்பலகைகளில் பார்த்திருக்கிறோம். ஆனால் அந்தத் தொழிற்பயிற்சி தெருச்சண்டைகளுக்கும் சிறைக்கூடங்களுக்கும் நடுவில் பிறந்தது என்பதை நான் அறிந்திருக்கவில்லை.

ஜோன் பொஸ்கோ 1815 ஓகஸ்ட் 16 ஆம் திகதி வட இத்தாலியின் பீட்மொன்ட் பகுதியில் பெக்கி என்ற குக்கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். இரண்டு வயது நிறைய முன்னரே தகப்பன் நிமோனியாவால் இறந்துபோனார். அந்தக் காலம் பஞ்சமும் வந்தது. எழுத வாசிக்கத் தெரியாத தாய் மார்கரிட்டா பிள்ளைகளைத் தனியாக வளர்த்தார். தகப்பனின் முதல் தாரத்து மகனான மூத்த அண்ணனுக்கு இவர் படிப்பது பிடிக்கவில்லை. வீட்டில் சச்சரவு கூடியதால், பன்னிரண்டு வயதளவில் இன்னொருவரின் பண்ணையில் கூலிவேலைக்குப் போனார். பிறகு படிப்புச் செலவுக்காகத் தையல் வேலையும் கோப்பிக் கடை வேலையும் செய்தார். கயிற்றில் நடப்பது, வித்தை காட்டுவது எல்லாம் பழகி ஊர்ப் பையன்களைச் சேர்த்து வைத்திருந்தார்.

1841 ஜூன் மாதம் குருவானார். மேற்படிப்புக்காக டூரின் நகரத்துக்கு வந்தபோது, கபாசோ என்ற மூத்த குரு அவரை நகரச் சிறைகளுக்குக் கூட்டிப்போனார். அங்கே பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரையான பையன்கள் பெருந்தொகையாக அடைபட்டுக் கிடந்தார்கள். நல்ல தேகம், கூர்மையான புத்தி, பூச்சி அரித்த உடம்பு. அவரை உலுக்கியது இன்னொரு விடயம். விடுதலையாகி வெளியே போனவர்களில் பலர் சில நாட்களில் திரும்பி வந்தார்கள். வெளியே அவர்களை ஏற்க ஒருவரும் இல்லை என்பதே காரணம் என்று அவர் முடிவுசெய்தார். வாசலில் ஒரு நண்பன் நின்றிருந்தால் பலர் திரும்பி வந்திருக்க மாட்டார்கள் என்று நினைத்தார். அவருடைய மீதி வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு எண்ணத்தில்தான் கட்டப்பட்டது.

அப்போது டூரின் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. மலைக் கிராமங்களிலிருந்து சிறுவர்கள் மேசன் வேலைக்கும் புகைபோக்கி துடைக்கும் வேலைக்கும் வந்தார்கள். ஊரும் உறவும் பின்னால் போய்விட்டன. வேலை இல்லாத நாளில் சாப்பாடு இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவைத் தவிர அவர்களுக்குப் போக இடமில்லை. வான்கிலியா போன்ற வறிய பகுதிகளில் பையன்கள் கும்பல்களாகப் பிரிந்து கல்லெறிந்து சண்டை பிடித்தார்கள். தனியாக நிற்கும் பையனுக்குப் பெயர், பாதுகாப்பு, பங்கிட்டுச் சாப்பிட ஆட்கள் என எல்லாவற்றையும் கும்பல்தான் கொடுத்தது. அந்த இடத்தை வேறொன்றால் நிரப்பாமல் கும்பலைக் கலைக்க முடியாது என்பதை டொன் பொஸ்கோ விளங்கிக்கொண்டார்.

அவர் தொடங்கிய வழி எளிமையானது. ஞாயிறு தோறும் பையன்களைச் சேர்த்து விளையாட்டு, பூசை, மறைக்கல்வி, எழுத்தறிவு என்று நாள் முழுக்க அவர்களோடு இருந்தார். தொகை நூற்றுக்கணக்கில் பெருகியது. அயலவர்கள் சத்தம் தாங்காமல் முறையிட, இடம் இடமாகத் துரத்தப்பட்டார்கள். இத்தனை முரட்டுப் பையன்கள் ஒன்றுகூடுவது அரசுக்கு ஆபத்து என்று நகரின் பொலிஸ் பொறுப்பிலிருந்த கவூர் பிரபு சந்தேகப்பட்டார். கூட்டத்தைக் கண்காணிக்கக் காவலர்கள் வந்தார்கள். உடனிருந்த குருமாரில் சிலர் இவருக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று மனநோய் விடுதிக்கு அனுப்பவும் முயன்றார்கள். கடைசியாக 1846 உயிர்த்த ஞாயிறன்று வால்தொக்கோ என்ற பகுதியில் ஒரு தாழ்ந்த கொட்டில் வாடகைக்குக் கிடைத்தது. அந்த வருட இறுதியில் தாய் மார்கரிட்டாவும் கிராமத்தை விட்டு வந்து மகனோடு சேர்ந்தார். செலவுக்குத் தன் கலியாண நகையையும் உடுப்பையும் விற்றார்.

தெருவில் படுத்த சில இளைஞர்களுக்கு முதன்முதலாக வைக்கோல் பரணில் இடம் கொடுத்தபோது, விடியுமுன் அவர்கள் போர்வைகளையும் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். அந்தக் கதவை அவர் அத்தோடு மூடவில்லை. 1847 மே மாதம் மழை கொட்டிய ஓர் இரவில் வல்செசியா பள்ளத்தாக்கிலிருந்து மேசன் வேலை தேடி வந்த பதினைந்து வயது அநாதைப் பையன் நனைந்தபடி கதவைத் தட்டினான். கையிலிருந்த சொற்பக் காசும் முடிந்துவிட்டது. மார்கரிட்டா குசினியில் அவனுக்குப் படுக்கை போட்டார். போர்வை களவு போன அதே வீட்டில் அவன்தான் தங்கிப் படித்த முதல் பிள்ளையானான்.

பிறகு வேலை. பையன்களை வேலைக்கு வைத்த முதலாளிமாரோடு அவர் முத்திரைத் தாளில் ஒப்பந்தம் எழுதினார். 1850 களின் தொடக்கத்து ஒப்பந்தங்கள் இன்றும் இருக்கின்றன. தொழிலை ஒழுங்காகப் பழக்க வேண்டும், அடிக்கக் கூடாது, சொல்லால் மட்டுமே திருத்த வேண்டும், சம்பளம் படிப்படியாகக் கூட வேண்டும், வருடாந்த விடுமுறை வேண்டும் என்று நிபந்தனைகள். 1853 இல் சொந்தமாகச் சப்பாத்துத் தைக்கும் பட்டறையும் தையல் பட்டறையும் தொடங்கினார். புத்தகம் கட்டுதல், தச்சு, அச்சகம், இரும்பு வேலை என்பன அடுத்த பத்து வருடங்களுக்குள் வந்தன.

1857 இலையுதிர் காலத்து மாலையொன்றில் கார்மஞோலா புகையிரத நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது, இருட்டில் பையன்களின் கூச்சல் கேட்டது. அவர் நடுவில் போய் நின்றதும் எல்லோரும் ஓடினார்கள். ஒருவன் மட்டும் இடுப்பில் கை வைத்தபடி, எங்கள் விளையாட்டில் நுழைய நீர் யார் என்று கேட்டான். அவன் பெயர் மிக்கேல் மகோனே. பன்னிரண்டு பதின்மூன்று வயது. அந்தக் கூட்டத்தின் தளபதி. தகப்பன் இல்லை. தொழில் என்னவென்று கேட்டதற்கு, சும்மா திரிவதுதான் என்றான். ரயில் வருமுன் கிடைத்த சில நிமிடங்களில் டொன் பொஸ்கோ அவனுக்குப் புத்திமதி சொல்லவில்லை. கேள்விதான் கேட்டார். பின்னர் வால்தொக்கோவுக்கு அழைத்துக்கொண்டார். 1859 ஜனவரியில் அவன் நோயால் இறந்தான். அந்தத் தெருப் பையனின் வாழ்க்கையை டொன் பொஸ்கோ தனிப் புத்தகமாகவே எழுதினார்.

1859 டிசம்பரில் அவர் சலேசியன் சபையைத் தொடங்கியபோது, முதல் உறுப்பினர்களில் பலர் அவரிடம் வளர்ந்த இளைஞர்களே. குற்றம் நடந்தபின் தண்டிப்பதைவிட, முன்கூட்டியே பிள்ளையோடு இருப்பது என்ற தன் முறையை 1877 இல் எழுதி வைத்தார். 1888 ஜனவரி 31 ஆம் திகதி காலமானார். 1934 இல் புனிதராகப் பிரகடனம் செய்யப்பட்டார்.

அவர் ஒரு குரு. மதபோதனைதான் அவருடைய பணியின் மையம். அதை மறைத்து அவரை வெறும் சமூக சேவையாளராக்க முடியாது. எல்லாப் பையன்களும் திருந்தவும் இல்லை. டூரினின் வறுமையும் எங்கள் பிரச்சினையும் ஒன்றல்ல. அங்கே யுத்தம் தின்ற தகப்பன்மார் இல்லை, காணாமல் ஆக்கப்பட்ட அண்ணன்மார் இல்லை, பாடசாலை மதிலோரம் விற்கப்படும் போதைப்பொருளும் இல்லை.

ஆனாலும் ஒன்று பொருந்துகிறது. வாள் எடுத்த பையனை ஒருநாளில் பிடித்துவிடலாம். அவன் வெளியே வரும் நாளுக்கு நாங்கள் எதையும் ஆயத்தம் செய்வதில்லை. 1956 முதல் இலங்கையில் இருக்கும் சலேசியன் சபையோ வேறெந்த நிறுவனமோ மட்டும் செய்து முடிக்கிற வேலை அல்ல இது. ஊர்க் கராஜ்காரர், தச்சுப்பட்டறைக்காரர், விளையாட்டுக் கழகம், கோயில், தேவாலயம் எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு. வழக்கு உள்ள பையனை வேலைக்கு எடுக்க எத்தனை பேர் தயார்?

அந்தப் பையன் என்ன ஆனான் என்று பின்னர் விசாரித்தேன். மீண்டும் விளக்கமறியலில் இருக்கிறான். அடுத்த தவணைக்கும் தாய் வருவார். மோட்டார் சைக்கிள்களும் வரும்.